ஒற்றைக் கண் நரி

அத்தியாயம் பதினொன்று

பார்ப்ரூ பிரம்புக் கூடையோடு வந்து நின்றால்தான் ஆல்ம்கிரேன் குடும்பத்துக்கு நடுக்கோடைத் திருநாள் தொடங்கியதாகக் கணக்கு. மலர்க்கம்பம், ஊறுமீன், ஆட்டம் பாட்டம் எல்லாம் அதற்கப்புறம். முதலில் எல்லோருடைய போனும் கூடையில் விழ வேண்டும்.

“போடு, போடு. முகத்தை அப்படி வச்சுக்காதே. போனைத்தான் கேக்குறேன், கிட்னியைக் கேக்கலை.”

மகன் டிட்ரிக் போட்டான். அவன் மனைவி மாலின், கைக்குழந்தை தூவாவை இடுப்பில் இடுக்கியபடி ஒற்றைக் கையால் போட்டாள். மகள் இல்வாவின் போன் மட்டும் இன்னும் அவள் உள்ளங்கையிலேயே இருந்தது.

கோடை வீட்டின் வாசற்படியில் உட்கார்ந்து புது உருளைக்கிழங்கின் தோலைச் சுரண்டிக்கொண்டிருந்த பார்ப்ரூவின் கணவர் சிக்ஸ்டன் நிமிர்ந்து பார்த்தார்.

“நான் தபால்ல வியாபாரம் பண்ணினப்போ நடுக்கோடைக்கு வர்ற ஆர்டர் எல்லாம் திங்கட்கிழமை வரைக்கும் மூட்டையிலேயே தூங்கும். அதனால யாரும் செத்துப்போகலை.”

“இப்ப கடை தூங்காது அப்பா” என்றாள் இல்வா.

“கடை தூங்காட்டி போகுது. நீ தூங்கு. திங்கட்கிழமையிலேருந்து உனக்குத் தூக்கம் கிடையாது.”

அந்தத் திங்கட்கிழமைதான் போன வாரம் முதல் இந்தக் குடும்பத்தின் தொண்டையில் மீன் முள்ளாகச் சிக்கியிருந்தது. பூரோஸ் நகரத்தில் இரண்டு தலைமுறையாகப் படுக்கை விரிப்பும் கம்பளியும் விற்றுவரும் ஆல்ம்கிரேன் கம்பெனியின் நிர்வாக நாற்காலி திங்கட்கிழமை முதல் இல்வாவுக்கு என்று சிக்ஸ்டன் சாப்பாட்டு மேசையில் அறிவித்துவிட்டார். டிட்ரிக் குடோனையே பார்த்துக்கொள்ளட்டும் என்றார். டிட்ரிக் ரொட்டியை மென்றபடி, “நல்லது” என்றான். அந்த ஊரில் “நல்லது” என்பதை நல்லது என்ற அர்த்தத்தில் யாரும் சொல்வதில்லை. அதைப் புரிந்துகொண்டவள் பார்ப்ரூ ஒருத்திதான்.

நாற்காலி இல்வாவுக்குச் சும்மா வரவில்லை. கேட்லாக் அச்சடிப்பதை நிறுத்தி, இணையக் கடையைத் தூக்கி நிறுத்தியது அவள்தான். இந்தக் கோடையில் அவளுடைய நரிப் பை நாடு முழுக்கப் பறந்துகொண்டிருந்தது. போர்வைக்குப் பதிலாகக் குழந்தையைப் படுக்க வைக்கும் மெத்தென்ற தூக்கப்பை அது. நெஞ்சில் ஆரஞ்சு நிற நரி முகம், அதற்குக் கருப்பு மரப் பட்டனில் இரண்டு கண்கள். முதலில் அந்தக் கண்கள் நூலால்தான் தைக்கப்பட்டிருந்தன. போன் திரையில் பார்த்தபோது அவை மங்கலாகத் தெரிந்தன. பட்டன் வைத்ததும் நரி மின்னியது, ஆர்டர் குவிந்தது.

அம்மாவின் கூடையையும் அவள் விட்டுவைக்கவில்லை. நரிப் பை வாங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு லினன் சுருக்குப்பை இலவசம். அதன் மேல், ‘நடுக்கோடையன்று போனுக்கு விடுமுறை’ என்று தையல் எழுத்து. சுருக்குப்பைக்காகவே நரியை வாங்கியவர்களும் உண்டு.

“இல்வா.” கூடை நகரவில்லை.

இல்வா கடைசியாக ஒருமுறை திரையைப் பார்த்தாள். எந்த ஊரில் நன்றாக விற்கிறதோ அந்த ஊர்த் தாய்மார்களுக்கு விளம்பரத்தைத் தானாகவே அனுப்பும் புரோகிராம் ஒன்றை அவள் ஓடவிட்டிருந்தாள். திருநாளன்றும் அது ஓய்வில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது. புதிதாக ஒரு வாடிக்கையாளர் எழுதியிருந்தார், ஐந்து ஸ்டார்.

‘அருமையான பை! குழந்தைக்கு இது இல்லாமல் தூக்கமே வருவதில்லை. துவைத்ததில் நரிக்கு ஒரு கண் போய்விட்டது, அது பரவாயில்லை. மிக்க நன்றி!’

ஐந்து ஸ்டாரைப் பார்த்துச் சிரித்தபடி இல்வா போனைக் கூடையில் போட்டாள்.

*

ஊர்ப் புல்வெளியில், நட்டுவைத்து எல்லோரும் சுற்றி ஆடப்போகும் மலர்க்கம்பம் படுத்துக் கிடந்தது. பெண்களும் ஆண்களும் அதைச் சுற்றி உட்கார்ந்து பூர்ச்ச மரத்து இலையும் காட்டுப் பூவும் கட்டிக்கொண்டிருந்தார்கள். வானம் காலையிலிருந்தே கருத்துக் கிடந்தது. நடுக்கோடையன்று மழை வராவிட்டால்தான் அங்கே அதிசயம். ஆனாலும் அன்றைய இருட்டு இல்வாவுக்கு என்னவோ போலிருந்தது.

டிட்ரிக் எதிரே குந்தி உட்கார்ந்து கயிற்றை இறுக்கினான். அக்காளும் தம்பியும் சின்ன வயதிலிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்கிறவர்கள். ஒரு வாரமாக அவன் அந்தப் பெயரையும் சொல்வதில்லை.

“என்ன மகாராணி, நாற்காலிக்கும் இலை கட்டணுமா? சொன்னா கட்டிடுறேன்.”

“கட்டேன். முள்ளு இல்லாத இலையாப் பார்த்துக் கட்டு.”

அவன் சிரிக்கவில்லை. இல்வா ஒரு பூவை எடுத்துக் காம்பைக் கிள்ளினாள். திரையில் படித்த வரி பல் இடுக்கில் மாட்டிய நார் போல உறுத்திக்கொண்டே இருந்தது.

“டிட்ரிக், துவைச்சா நரிக் கண்ணு போகுமா?”

அவன் கை ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது.

“மரப் பட்டன்தானே. எப்பவாவது ஒண்ணு ரெண்டு போகும்.”

“எப்பவாவதுன்னா? நீ பார்த்திருக்கியா?”

“நீ ஏன் இப்பக் கேக்குற? போன் கூடையில கிடக்குது, உன் மூளையையும் கொஞ்சம் அதுல போட்டுட்டு வந்திருக்கலாம்.”

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. இல்வா எழுந்து பாவாடையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு வீட்டை நோக்கி நடந்தாள். குழந்தையை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தான் கொடுத்த நரிப் பையில்தான் தூவா தூங்குகிறாள் என்பது நினைவுக்கு வந்ததும் நடை ஓட்டமானது.

அந்த நாட்டுக் குழந்தைகள் எல்லாம் தூங்குவதுபோல் தூவாவும் வெளியில்தான், ஆப்பிள் மரத்தடியில் தள்ளுவண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். கொசுவலையை விலக்கி இல்வா குனிந்து பார்த்தாள். குழந்தையின் நெஞ்சிலிருந்து நரி அவளைப் பார்த்தது.

ஒற்றைக் கண்ணால்.

மற்ற கண் இருந்த இடத்தில் அறுந்த நூல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. இல்வா தலையணையைத் தடவினாள். வண்டியின் மடிப்புகளில் விரலை விட்டுத் துழாவினாள். அங்கெல்லாம் எதுவும் இல்லை. குழந்தையின் உதடு மூடியிருந்தது. கன்னம் வழக்கத்தைவிட உப்பியிருப்பதுபோல் தோன்றியது. குழந்தைகளின் கன்னம் எப்போதும் உப்பித்தான் இருக்கும் என்று நினைக்க அப்போது அவளுக்குப் புத்தி இல்லை.

சுண்டுவிரலைக் குழந்தையின் வாய்க்குள் விட்டு இப்படியும் அப்படியும் தேடினாள். ஈறுதான் தட்டியது. தூவா கண்ணைத் திறந்து, அத்தையின் முகத்தை ஒரு வினாடி உற்றுப் பார்த்து, பிறகு ஊரே கேட்கும்படி வீறிட்டாள்.

அழுகிற வேகத்தில் மூடியிருந்த கை விரிந்தது. உள்ளே, எச்சிலில் நனைந்து பளபளத்தபடி மரப் பட்டன் இருந்தது.

வாயில் போட்டுச் சப்பியிருக்கிறாள். எப்படியோ வெளியே வந்திருக்கிறது. இல்வா குழந்தையைத் தூக்கி மார்போடு இறுக்கிக்கொண்டாள். தூவா காதருகே கத்தினாள். அந்த நிமிஷத்தில் அதைவிட இனிமையான சத்தம் உலகத்தில் வேறு எதுவும் இருப்பதாக இல்வாவுக்குத் தெரியவில்லை.

*

மேசை விரித்தாயிற்று. ஊறுமீன், மணக்கும் சதகுப்பைக் கீரை தூவிய உருளைக்கிழங்கு, புளித்த பாலேடு. இல்வா அந்தத் தட்டுகளுக்கு நடுவில் பட்டனை வைத்தாள்.

“தூவா கையில இருந்தது. அதுக்கு முன்னாடி வாயில இருந்திருக்கு.”

மாலின் குழந்தையைப் பறித்துக்கொண்டாள். அவள் நரிப் பையைக் கழற்றிப் புல்லில் வீசினாள்.

சிக்ஸ்டன் பட்டனை எடுத்துக் கட்டைவிரலால் உருட்டினார். துணியிலும் நூலிலும் அந்தக் கட்டைவிரல் ஏமாந்ததாகப் பூரோஸில் பேச்சு கிடையாது.

“பட்டன்ல குறை இல்லை. சாம்பிள் வந்தப்போ நானே இழுத்துப் பார்த்தேனே. மாட்டை வச்சு இழுத்தாலும் வராது. பரிசோதனைக்கூடத்துலயும் பாஸ் ஆச்சு.”

“அது கையால தைச்ச சாம்பிள் அப்பா. அதுக்கப்புறம் ஆர்டர் எகிறிடுச்சு. சீக்கிரம் அனுப்புங்கன்னு, பை தைச்சுக் கொடுக்கிற போர்ச்சுகல்காரங்களை நான் விரட்டினேன். அவங்க மெஷின்ல தைச்சிருக்காங்க போல. வந்த சரக்கை நீ இழுத்துப் பார்த்தியா?”

“ஒருதரம் பார்த்த சரக்கை நான் ரெண்டாந்தரம் பார்க்கிற வழக்கம் இல்லை.”

“நானும் பார்க்கலை” என்றாள் இல்வா. “அம்மா, கூடையைக் கொடு.”

பார்ப்ரூ கணவரைப் பார்த்தாள். சிக்ஸ்டன் தலையை அசைத்தார்.

“பதறாதே. ஒரே ஒரு பட்டன். திங்கட்கிழமை எல்லாரும் உக்காருவோம். காப்பி குடிப்போம். ஆளாளுக்கு என்ன தோணுதோ சொல்லட்டும், பேசி முடிவெடுப்போம். எல்லாரும் தலையாட்டாம இந்தக் கம்பெனியில என்னைக்காவது முடிவு எடுத்திருக்கோமா?”

அது உண்மைதான். அந்த வழக்கத்தால்தான் கம்பெனியில் யாரும் யாரோடும் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறியதில்லை. கேட்லாக் ஆறு மாதத்துக்கு ஒன்று வந்த காலத்தில் ஒரு வாரம் காப்பி குடித்துக்கொண்டே யோசிக்கலாம். இப்போது காப்பி ஆறுவதற்குள் நரி இன்னும் நாலு ஊர் தாண்டிவிடும்.

இல்வா அம்மாவின் கையிலிருந்து கூடையை வாங்கவில்லை, பிடுங்கித் தன் போனை எடுத்தாள். முதல் வேலையாக நரிப் பையை இணையக் கடையிலிருந்து நீக்கினாள். ஒரு விரல் தொட்டதும் வேலை முடிந்தது. பிறகு வாடிக்கையாளர்கள் எழுதியதைப் படிக்க ஆரம்பித்தாள்.

நூற்றுக்கணக்கில் இருந்தன. எல்லாம் ஸ்டார் மழை. ஆபீஸ் சாப்பாட்டு அறைச் சுவரில் பெரிய திரை வைத்து அந்த ஸ்டார்களின் சராசரியை ஓடவிட்டது அவள்தான். சராசரி இறங்கினால் உடனே தகவல் வரும். அது இறங்கவே இல்லை. அதனால் இன்று வரை அவள் ஒரு வரிகூடப் படித்ததில்லை.

‘அழகான பை, ஐந்து ஸ்டார். ஒரு கண்ணை நானே திரும்பத் தைத்துக்கொண்டேன்.’

‘பேரனுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கண் ஒன்றைக் காணவில்லை, தேடிக்கொண்டிருக்கிறோம். சீக்கிரம் அனுப்பியதற்கு நன்றி!’

‘எல்லாம் நன்றாக இருக்கிறது. பட்டனை இன்னும் கொஞ்சம் இறுக்கமாகத் தைக்கலாமோ என்று தோன்றியது. தொந்தரவுக்கு மன்னிக்கவும்.’

சிக்ஸ்டன் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு போனை வாங்கிப் படித்தார். திரையைத் தள்ளத் தெரியாமல் ஒரே வரியை இரண்டு முறை படித்தார். மெல்ல அவர் முகம் மாறியது.

“மன்னிக்கவும்னு எழுதியிருக்கா பாரு.” போனை இல்வாவிடம் நீட்டினார். “நம்ம ஊர்க்காரி ‘தோணுது’ன்னு எழுதினா பயந்துபோயிருக்கான்னு அர்த்தம். ‘மன்னிக்கவும்’னு எழுதினா ராத்திரி பூராத் தூங்கலைன்னு அர்த்தம். வீடு பத்தி எரிஞ்சாலும் ‘கொஞ்சம் புகையா இருக்கு, பரவாயில்லை’ன்னுதான் எழுதுவாளுங்க. இதை யாருமே படிக்கலையா?”

யாரும் படிக்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் காப்பி வேளையில் வாடிக்கையாளர் கடிதங்களைச் சத்தம் போட்டுப் படிப்பது சிக்ஸ்டனின் பழக்கம். எவ்வளவு சாந்தமான கடிதமானாலும் அதற்குள் வாழைப்பழத்தில் ஊசிபோல ஏறியிருக்கும் குறையை அவர் பிடுங்கி எடுத்துவிடுவார். நேர விரயம் என்று அந்த வெள்ளிக்கிழமையை நிறுத்தியவள் இல்வா. கடிதம் வருவது நின்றதும், குறை வருவதும் நின்றுவிட்டதாக நினைத்துக்கொண்டவர் சிக்ஸ்டன். இரண்டு பேரையும் ஒரே தராசில் வைத்தால் முள் எந்தப் பக்கமும் சாயாது.

“டிட்ரிக்.” இல்வா தம்பியை நேராகப் பார்த்தாள். “புல்வெளியில கேட்டதுக்கு நீ பதில் சொல்லலை. குடோனுக்கு ரிட்டர்ன் வந்துச்சா?”

அவன் தட்டிலிருந்த மீனை முள்கரண்டியால் கிழித்துக்கொண்டிருந்தான். அதைத் தின்னவில்லை.

“வந்துச்சு.”

“கண்ணு இல்லாம?”

“கண்ணு இல்லாம.”

“என்ன பண்ணினே?”

“வேற பட்டன் தைக்கச் சொன்னேன். தைச்சு மறுபடி அலமாரியில வச்சோம்.” அவன் முள்கரண்டியை டக்கென்று வைத்தான். “திரும்பி வந்த சரக்கு ஒரே நாள்ல விற்பனைக்குப் போகணும்னு சட்டம் போட்டது யாரு? ஒருநாள் லேட்டானா என் பேர் பக்கத்துல சிவப்பு விளக்கு எரியவிட்டது யாரு? நீதானே?”

“சொல்லியிருக்கலாமே டிட்ரிக்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“எங்க சொல்றது? வெள்ளிக்கிழமைக் காப்பியை நீதானே நிறுத்தினே? உன் புரோகிராம்ல ‘ஏன் திரும்பி வந்தது’ன்னு ஒரு கட்டம் இருக்கு. ‘அளவு சரியில்லை’, ‘நிறம் பிடிக்கலை’, ‘மற்றவை’. நான் ‘மற்றவை’யை அழுத்தினேன். கண்ணு உதிர்ந்துபோச்சுன்னு அழுத்த அதுல இடமில்லை.”

மாலின் கணவனை ஏதோ புதிய ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“தெரிஞ்சே தூவாவை அதுல படுக்க வச்சியா?” என்று கேட்டாள்.

“நம்ம பை நல்ல பைன்னு நினைச்சேன் மாலின். சத்தியமா நினைச்சேன்.”

அவள் குழந்தையோடு வீட்டுக்குள் போனாள். கதவு அடங்கிய சத்தத்தோடு சாத்திக்கொண்டது. ஓங்கி அறைந்திருந்தால் டிட்ரிக்குக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

*

“வாங்கின எல்லாருக்கும் இப்பவே செய்தி அனுப்பணும்” என்றாள் இல்வா.

“அனுப்பலாம்” என்றார் சிக்ஸ்டன். “ஆனா வார்த்தையை யோசிச்சுப் போடணும். ‘அன்பார்ந்த வாடிக்கையாளரே, எங்கள் நரிப் பையின் அலங்காரத்தில் சிறு மாற்றம் தேவைப்படுவதாக…’”

“அப்பா, அப்படி எழுதினா உருளைக்கிழங்கு தின்னு முடிச்சுட்டுப் படிச்சுக்கலாம்னு வச்சுடுவாங்க.”

“ஊரைக் கூட்டிக் கத்தினா நாளைக்கே நம்ம பேரு சந்தி சிரிக்கும்” என்றான் டிட்ரிக். “விற்பனையை நிறுத்தியாச்சு. மிச்சத்தைத் திங்கட்கிழமை வக்கீலைக் கேட்டுட்டுச் செய்யலாம். ரெண்டு நாள்ல என்ன ஆயிடும்?”

கேட்டவனே தன் கேள்வியைக் கேட்டு அதிர்ந்துபோனான். அவன் பார்வை புல்லில் கிடந்த நரிப் பைக்குப் போய்த் திரும்பியது.

சிக்ஸ்டன் கையை நீட்டினார். “திங்கட்கிழமை வரைக்கும் நாற்காலி என்னோடது. செய்தி என் பேர்லதான் போகணும். எனக்குக் கொஞ்சம் யோசிக்க நேரம் கொடு.”

“யோசிக்கிற நேரத்துல ஒரு குழந்தை சப்பிக்கிட்டிருக்கும் அப்பா. நாற்காலி வேணும்னா நீயே வச்சுக்கோ. நான் அனுப்பப்போறேன்.”

அவள் எழுதினாள். வணக்கம் இல்லை, அன்பார்ந்த இல்லை.

‘உங்கள் குழந்தையை நரிப் பையிலிருந்து இப்போதே வெளியே எடுங்கள். பட்டன் கண்கள் கழன்று குழந்தையின் தொண்டையை அடைக்கலாம். தவறு எங்களுடையது. இந்த எண்ணில் என்னை எப்போது வேண்டுமானாலும் அழையுங்கள். இல்வா ஆல்ம்கிரேன்.’

கீழே தன் சொந்த எண்ணைப் போட்டாள். அனுப்பும் முன் ஒரு கணம் விரல் நின்றது. ஆசைப்பட்ட நாற்காலியும், அப்பாவின் முப்பது வருஷ உழைப்பும், கம்பெனி வாசற்கதவில் எழுதியிருந்த ஆல்ம்கிரேன் என்ற பெயரும் அந்த விரல் நுனிக்கு வந்து நின்றன. பிறகு அழுத்தினாள்.

முதல் தூறல் பாலேட்டுக் கிண்ணத்தில் விழுந்தது. யாரும் தட்டுகளை உள்ளே எடுக்கவில்லை.

செய்தியை எத்தனை பேர் திறந்தார்கள் என்று காட்ட ஒரு கட்டம் உண்டு. விளம்பரம் அனுப்பும் நாட்களில் அதில் எண் மளமளவென்று ஏறும். இல்வா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் திறந்தார். கொஞ்சம் பொறுத்து இன்னொருவர். அதற்கப்புறம் எண் அசையவில்லை.

“ஏன் திறக்க மாட்டேங்கிறாங்க?” டிட்ரிக் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். “சிக்னல் இல்லையா?”

“சிக்னல் இருக்கு. எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துடுச்சு.”

பார்ப்ரூதான் முதலில் புரிந்துகொண்டாள். அவள் பிரம்புக் கூடையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“இல்வா,” என்றாள் மெதுவாக. “அந்தச் சுருக்குப்பை.”

இல்வாவுக்கும் புரிந்தது. நடுக்கோடையன்று போனுக்கு விடுமுறை. நரி வாங்கிய வீட்டிலெல்லாம் இந்நேரம் போன்கள் லினன் சுருக்குப்பைக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். அம்மாக்கள் கம்பத்தைச் சுற்றி ஆடிக்கொண்டிருப்பார்கள். மரத்தடியில், வண்டிக்குள், நரி குழந்தைகளின் நெஞ்சில் படுத்திருக்கும். யார் என்ன கத்தினாலும் கேட்காதபடி அவளே கட்டி அனுப்பியிருந்தாள்.

தூரத்துப் புல்வெளியில் அக்கார்டியன் வாசிக்க ஆரம்பித்தார்கள். மழையையும் பார்க்காமல் கம்பம் எழுந்துவிட்டது.

சிக்ஸ்டன் திடீரென்று நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

“ரேடியோ!”

“என்னப்பா?”

“மழை நிக்குமான்னு கேக்க எல்லாக் கோடை வீட்லயும் இன்னைக்கு ரேடியோ பாடிக்கிட்டிருக்கும். போனைச் சுருக்குப்பையில போடுவாங்க, ரேடியோவைப் போட மாட்டாங்க. டிட்ரிக், என் போனை எடு. வானொலி நிலைய நம்பரைத் தேடிக் கொடு.”

“ரேடியோவுல நம்ம பேரைச் சொல்லணும் அப்பா. நாடு முழுக்கக் கேக்கும். அதுக்கப்புறம் நம்மகிட்ட ஒருத்தரும் ஒரு தலையணை உறைகூட வாங்க மாட்டாங்க.”

“தெரியும்டா. நம்பரைக் கொடு.”

மழையில் நனைந்தபடியே பேசினார். தன் பெயரையும், தகப்பனார் வைத்துவிட்டுப் போன கம்பெனியின் பெயரையும் எழுத்துக் கூட்டிச் சொன்னார். எதிர்முனையில் யாரோ சின்ன வயதுக்காரர் திரும்பத் திரும்ப என்னென்னவோ கேட்டார். கேட்டதற்கெல்லாம் சிக்ஸ்டன் பொறுமையாகப் பதில் சொன்னார். தவறு யாருடையது என்று கேட்டபோது, “எங்களோடது” என்றார். வாழ்நாளில் அவர் அந்தச் சொல்லை இவ்வளவு வேகமாகச் சொன்னதில்லை.

“பெரிய அதிகாரியைக் கேட்டுட்டுத் திரும்பக் கூப்பிடுறாங்களாம்” என்று போனை இறக்கினார். “அவங்களும் காப்பி குடிச்சுட்டுத்தான் முடிவெடுப்பாங்க போல. உன் நம்பரைத்தான் கொடுத்திருக்கேன்.”

“ஏன் என் நம்பர்?”

“கம்பெனித் தலைவர் நம்பர் கேட்டாங்க.” அவர் ஈரக் கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். “நாற்காலி இப்பவே உன்னோடது. முள்ளு இல்லாத இலையாப் பார்த்துக் கட்ட எனக்கு நேரமில்லை, மன்னிச்சுக்கோ.”

புல்வெளியில் தான் சொன்னது அவர் காது வரைக்கும் வந்திருக்கிறது! இல்வாவுக்கு அழுகை முட்டியது. அழ நேரமில்லை. டிட்ரிக் அம்மாவின் போனையும் எடுத்துக்கொண்டு, ஆர்டர் போட்டவர்களின் எண்களை ஒவ்வொன்றாக அழைக்கத் தொடங்கியிருந்தான். மணி அடித்து அடித்து அடங்கியது. அடுத்தது. அதுவும் அடங்கியது. அவன் நிறுத்தவில்லை.

இல்வாவின் போன் ஒலித்தது.

“ரேடியோதான், எடு, எடு” என்றார் சிக்ஸ்டன்.

திரையில் இருந்தது வானொலி நிலையத்தின் எண் அல்ல. யாரோ ஒரு தனி ஆளின் எண். இல்வா காதில் வைத்தாள்.

“இல்வா ஆல்ம்கிரேன் பேசுறேன்.”

பின்னணியில் அக்கார்டியன், சிரிப்பு, யாரோ கைதட்டுகிறார்கள். அதற்கு இந்தப் பக்கம், மிக அருகில், ஒரு பெண்ணின் மூச்சு. பேசத் தொடங்கி, முடியாமல் நின்று, மறுபடி தொடங்கும் மூச்சு.

“மன்னிக்கவும்” என்றாள் அந்தப் பெண். “தொந்தரவு கொடுக்கிறேன். நரிக்கு… ஒரு கண்ணைக் காணோம்.”

“குழந்தை எங்கே? குழந்தை எப்படி இருக்கு, சொல்லுங்க!”

அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. இல்வா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அப்பா ஏதோ கேட்டார். கையை ஓங்கி அவரைத் தடுத்தாள். பாட்டுக்கும் சிரிப்புக்கும் மழைக்கும் பின்னால் எங்காவது ஒரு குழந்தை அழுகிறதா என்று மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

பாட்டுத்தான் கேட்டது.